பெங்களூரு ஃபிளாட் கிச்சனுக்கு எந்த ஹாப்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

கீதா, ஹொரமாவு

கிச்சன் வேலை அடுத்த வாரம் ஆரம்பம், மேடையில பதிக்கிற அடுப்பு (ஹாப்) வாங்கணும். மேடை ஆழம் 58 செ.மீ. இப்போ சிலிண்டர்தான், பைப் கேஸ் வரும்னு அசோசியேஷன்ல சொல்றாங்க. நாலு பேர், தினமும் தோசையோ இட்லியோ உண்டு. கடையில 60 செ.மீ அகலத்துல நாலு பர்னர் கண்ணாடி ஹாப் காட்டுறாங்க. வீட்டுல இவர் இண்டக்‌ஷன் போதும்ங்கிறார். எதைப் பார்த்து முடிவு பண்றது?

சேகர், அடுப்பு சர்வீஸ், கே.ஆர்.புரம்

மேடம், கடைக்காரர் பர்னர் கணக்குலதான் ஆரம்பிப்பார். நீங்க தோசைக்கல்லுல ஆரம்பிங்க. கல்லு, குக்கர், இட்லிப் பானை மூணுக்கும் அதிகபட்ச அகலத்தை டேப் வெச்சு அளந்து எழுதிக்கிட்டு ஷோரூமுக்குப் போங்க.

30 செ.மீ கல்லுன்னா மையத்துல இருந்து 15 செ.மீ நீட்டும். பக்கத்துல 22 செ.மீ குக்கர்னா 11. கூட்டினா 26. கைப்பிடிக்கும் இடைவெளிக்கும் ஒரு மூணு செ.மீ சேருங்க. ரெண்டு பர்னருக்கு நடுவுல மையத்துக்கு மையம் 29 செ.மீ இல்லேன்னா ரெண்டையும் சேர்த்து வைக்க முடியாது. 60 செ.மீ-ல நாலு பர்னர் வர்ற ஹாப்புல முன்னும் பின்னுமா இருக்கிற பர்னருக்கு இந்த இடைவெளி கிடைக்கவே கிடைக்காது. கடைசியில கோணல்மாணலா ரெண்டு பர்னர்தான் எரியும், மத்த ரெண்டும் டீ வைக்கறதுக்கு. அதே காசுல 75–78 செ.மீ அகலத்துல மூணு பர்னர் வாங்கினா மூணையும் ஒரே நேரத்துல ஓட்டலாம்.

கண்ணாடி உடையறதைப் பத்தி எல்லாரும் கேட்பாங்க. ஹாப்புல வர்ற டஃபன்டு கிளாஸ் (பலப்படுத்தின கண்ணாடி), பாத்திரத்தை இறக்கி வைக்கிற சூட்டுக்கெல்லாம் சாதாரணமா உடையாது. நான் பார்க்கிற உடைசல்ல பெரும்பாலும் மூணு காரணம். ஒண்ணு, அகலமான தட்டைக் கல்லு. தீயை அது மூடிப்போட்டுடும், சூடு மேலே போக வழியில்லாம கண்ணாடி மேலயே திரும்பும். அதுவும் ஸ்டாண்ட் குட்டையா இருந்தா கேக்கவே வேண்டாம். ரெண்டு, ஓரத்துல அடி. நடுவுல தாங்குற கண்ணாடி ஓரத்துல தாங்காது, குழவியோ குக்கர் மூடியோ விளிம்புல பட்டாப் போச்சு. உடனே உடையணும்னு இல்ல, ரெண்டு வாரம் கழிச்சு அடுப்பு எரியும்போது பொலபொலன்னு கொட்டும். மூணாவது, பர்னர் கேப் (மேல் மூடி) சரியா உக்காராம ஒரு பக்கமா கீழ்நோக்கி எரியற தீ. கழுவி மாட்டினதும் கேப்பை லேசாச் சுத்திப் பாருங்க; பள்ளத்துல விழுந்தா ஆடாது.

உங்க கல்லு 30-க்கு மேலன்னா கண்ணாடியை விட்டுட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஹாப்பே எடுங்க. கீறல் விழும், அழகு குறைவு, ஆனா வெடிக்காது.

இப்ராஹிம், மாடுலர் கிச்சன், ஜிகணி

58 செ.மீ மேடைங்கிறது கொஞ்சம் நெருக்கடி. 60 செ.மீ அகல ஹாப் பலதுக்கும் மேடைக்கல்லுல போடுற வெட்டு 56 × 48 செ.மீ. ஆழத்துல 48 போனா மீதி 10. அதுல பின்னாடி சுவர்ல டைல் ஒட்டினா ஒண்ணு ஒண்ணரை போயிடும். முன்னாடி 5, பின்னாடி மூணரைதான் நிக்கும். 18–20 மி.மீ கிரானைட்டுல ஓரப் பட்டை 5 செ.மீ-க்குக் கீழ போனா தூக்கி வைக்கும்போதே கீறல் விடும். அதனால டைலை முதல்ல ஒட்டாம, கல்லைச் சுவரோட சேர்த்து உக்கார வெச்சுட்டு, டைலை கல்லு மேல நிறுத்தச் சொல்லுங்க. கல்லு முழு 58-ம் கிடைக்கும். இல்லேன்னா வெட்டு ஆழம் கம்மியான மாடல் தேடுங்க, இருக்கு.

மூலை வெட்டு ரொம்ப முக்கியம். கல் வெட்டுறவங்க கட்டர் மெஷினை நாலு பக்கமும் இழுத்து, மூலையில ஒண்ணை ஒண்ணு தாண்டற மாதிரி விட்டுடுவாங்க. அந்தக் கீறல் நுனியிலதான் கல்லு பிளக்க ஆரம்பிக்கும். முதல்ல நாலு மூலையிலயும் ட்ரில் போட்டு வட்டத் துளை, அப்புறம் துளைக்குத் துளை வெட்டு. இதைச் சொல்லிட்டுப் பக்கத்துல நின்னுக்கங்க. சொல்லிட்டுப் போயிட்டா நடக்காது.

இன்னொண்ணு, நம்மாளுங்க மேடைல தண்ணி ஊத்திக் கழுவுவாங்க. பதிச்ச ஹாப்புக்குச் சுத்தி ஒட்டுற ஸ்பாஞ்ச் பட்டை பெட்டிக்குள்ளயே வரும், அதைத் தூக்கிப் போட்டுட்டு சிலிகான் அடிச்சு மூடிடறாங்க. அப்புறம் சர்வீஸுக்கு ஹாப்பைத் தூக்கவே முடியாது, கத்தி விட்டுத் தூக்கும்போது கண்ணாடி போகும். பட்டையை ஒட்டினாலே தண்ணி இறங்காது.

முரளி, எலக்ட்ரிகல்ஸ், எஸ்.பி. ரோடு

இண்டக்‌ஷன் பத்தி சார் சொல்றது தப்பில்ல, ஆனா எந்த இண்டக்‌ஷன்னு கேளுங்க. தனியா மேடைல வைக்கிற 2000 வாட்ஸ் அடுப்பு 230 வோல்ட்டுல கிட்டத்தட்ட 8.7 ஆம்ப் இழுக்கும். 16 ஆம்ப் சாக்கெட், 2.5 சதுர மி.மீ வயர் போதும். மிக்ஸி போடுற 6 ஆம்ப் பாயிண்ட்டுல கன்வர்ட்டர் பிளக் மாட்டி ஓட்டினா பிளக்கோட பின் கறுத்து உருகும். தினமும் கடைக்கு வர்ற கேஸ் இது.

பதிக்கிற, நாலு பாத்திரம் வைக்கிற நாலு ஸோன் இண்டக்‌ஷன் வேற கதை. 7200 வாட்ஸ் அளவுல வருது, 31 ஆம்ப். போர்டுல இருந்து தனியா 6 சதுர மி.மீ காப்பர், 32 ஆம்ப் எம்.சி.பி (லோடு கூடினா தானா அணையற ஸ்விட்ச்). டைல் ஒட்டினதுக்கு அப்புறம் இந்த வயர் இழுக்கணும்னா சுவரைத்தான் கொத்தணும். ரெண்டு ஸோன் 3500 வாட்ஸுக்கு 4 சதுர மி.மீ போதும்.

பெஸ்காம் கரன்ட் பில்லை எடுத்து சாங்ஷன் லோட் (வீட்டுக்கு அனுமதிச்ச அளவு) எத்தனை கிலோவாட்னு பாருங்க. 3 போட்டிருந்தா, காலையில கீசர் 3, அடுப்பு 2, மிக்ஸி முக்கால்னு சேர்த்தா 5.75 ஆகும். லோட் ஏத்திக்கலாம், ஆனா மாசாமாசம் வர்ற நிலைக்கட்டணம் கிலோவாட் கணக்குல அதுக்கேத்த மாதிரி ஏறும். கரன்ட் போனா அசோசியேஷன் ஜெனரேட்டர் வீட்டுக்கு எவ்வளவு தருதுன்னும் கேட்டுக்கங்க. ஒரு கிலோவாட் லிமிட்னா அடுப்பைப் போட்டதும் ட்ரிப் ஆகி, ஃபேனும் சேர்ந்து நிக்கும்.

வசந்தி, மல்லேஸ்வரம்

வயர் கணக்கெல்லாம் சரி. அந்த வீட்டுல இருக்கிற பாத்திரம் இண்டக்‌ஷன்ல வேலை செய்யுமான்னு யாரும் கேக்கலையே! ஃப்ரிட்ஜ் காந்தத்தை எடுத்து ஒவ்வொரு பாத்திரம் அடியிலயும் வெச்சுப் பாருங்கோ. கெட்டியா ஒட்டினாத்தான் உண்டு. அலுமினியக் குக்கர், இண்டாலியம் வாணலி, வெங்கலப் பானை, உருளி, கல்சட்டி, மண்சட்டி எதுவும் ஆகாது. அடி வளைஞ்ச இரும்புச் சட்டி காந்தத்துக்கு ஒட்டும், ஆனா அடி அடுப்புக் கண்ணாடியைத் தொடாததால அரைகுறையாச் சூடேறும்.

ஈயச்சொம்பு கேக்கவே வேண்டாம். அது வெள்ளீயம், 232 டிகிரியில உருகிடும். எல்லாப் பாத்திரமும் ஏத்துக்கும்னு சொல்லி விக்கிற இன்ஃப்ராரெட் அடுப்புலயும் அதை வைக்காதேங்கோ. அணைச்சதுக்கு அப்புறமும் அந்தக் கண்ணாடி ரொம்ப நேரம் சூடு விட்டிண்டே இருக்கும், ரசம் வத்தினதும் சொம்பு அடி போயிடும். கேஸ்ல, அதுவும் சின்ன பர்னர்ல, முக்கால் சொம்பு புளித்தண்ணி இருக்கறச்சே மட்டும்தான் வைக்கணும், நுரை கட்டினதும் இறக்கிடணும்.

தோசை இண்டக்‌ஷன்லயும் வரும். ஆனா உள்ளே இருக்கிற காயில் சாதாரணமா 18 செ.மீ-தான். 30 செ.மீ கல்லுல நடு கருகும், ஓரம் வெள்ளையா நிக்கும். காஞ்ச கல்லை எடுத்த எடுப்பில 2000-ல வெச்சா அடி வளைஞ்சும் போகும், அப்புறம் அந்தக் கல்லு சுத்தும். 800-ல நாலைஞ்சு நிமிஷம் விட்டு ஏத்தணும். பாலும் பாயசமும் விலை கம்மியான மாடல்ல தொல்லை. குறைச்சு வெச்சா நிதானமா எரியறதில்லை, முழுச் சூட்டை விட்டு விட்டுக் குடுக்கும். பால் குதிக்கும், அடங்கும், மறுபடி குதிக்கும். சுட்ட அப்பளம், கத்திரிக்காய் கொத்ஸு இதுக்கெல்லாம் தீ வேணும்.

இங்கே இன்னொண்ணும் உண்டு. பெங்களூரு கடல் மட்டத்துக்கு மேலே 900 மீட்டருக்கும் அதிகம், தண்ணி 97 டிகிரி வாக்கிலயே கொதிச்சுடும். சென்னையில திறந்து வேக வெச்ச துவரம்பருப்பு இங்கே வேகவே மாட்டேங்கறதேன்னு புதுசா வந்தவா புலம்புவா. எல்லாம் குக்கருக்குள்ள போயிடறதால பெரிய பர்னர் குக்கருக்குத்தான், அதனால அது ஹாப்போட வலது இல்ல இடது ஓரத்துல இருக்கிற மாதிரி பாருங்கோ. நடுவுல இருந்தா மத்த ரெண்டும் அடிபடும்.

கீதா, ஹொரமாவு

மாமி, காந்தம் வெச்சுப் பார்த்தேன், பதினாலு பாத்திரத்துல நாலுதான் ஒட்டுது. இவர் அமைதியாயிட்டார். சேகர் அண்ணா, பைப் கேஸ் வந்தா ஹாப்பை மாத்தணுமா? அப்புறம் எஃப்.எஃப்.டி (தீ அணைஞ்சா கேஸைத் தானா நிறுத்துற அமைப்பு) இருக்கிறதுதான் நல்லதுங்கிறாங்க, அது தொல்லைனு சிலர் சொல்றாங்க.

சேகர், அடுப்பு சர்வீஸ், கே.ஆர்.புரம்

ஹாப்பை மாத்த வேண்டாம், ஜெட்டை மாத்தணும், அதாவது பர்னருக்குக் கேஸ் விடுற சின்னத் துளை உள்ள திருகு. சிலிண்டர் ரெகுலேட்டர் தர்ற பிரஷர் 30 மில்லிபார் அளவு, பைப் கேஸ் 21 வாக்குல. பைப் கேஸுக்குக் கன அளவுல சூடும் கம்மி. அதனால துளை பெரிசா வேணும். 1.75 கிலோவாட் நடுத்தர பர்னருக்கு சிலிண்டர் ஜெட் 0.65 மி.மீ வாக்குல இருக்கும், பைப் கேஸுக்கு 0.97 பக்கம். ஜெட் தலையில 65, 97-னு நம்பரே பொறிச்சிருக்கும், டார்ச் அடிச்சா தெரியும். ஹாப் வாங்கும்போதே பைப் கேஸ் ஜெட் செட் பெட்டியில இருக்கான்னு பார்த்து, தனியா ஒரு கவர்ல போட்டுப் பேரெழுதி வைங்க. இல்லேன்னா வர்ற ஆளு பழைய ஜெட்டையே ட்ரில் பிட் போட்டு அகலப்படுத்துவார். துளை கோணலாப் போகும், தீ ஒரு பக்கம் மஞ்சளா எரியும், பாத்திரம் கறுக்கும். ஜெட் மாத்தினதும் சிம் ஸ்க்ரூவையும் திருகி செட் பண்ணணும். நாப் தண்டுக்குப் பக்கத்துல அல்லது உள்ளே சின்னதா இருக்கும். அதைத் தொடாமப் போனா சிம்ல வெச்சதும் ஒண்ணு அணையும், இல்ல பெரிசா எரியும்.

எஃப்.எஃப்.டி வாங்குங்க, யோசிக்காதீங்க. பர்னர் பக்கத்துல பென்சில் முனை மாதிரி நிக்குதே, அதான் தெர்மோகப்பிள். தீ பட்டதும் சில மில்லிவோல்ட் கரன்ட் உண்டாக்கும், அந்தக் கரன்ட் வால்வைத் திறந்து பிடிச்சிருக்கும். சாம்பார் பொங்கி தீ அணைஞ்சா முனை ஆறும், வால்வு தானா மூடும். வீட்டுக் கரன்ட்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் கிடையாது. கரன்ட் போனா ஸ்பார்க்தான் வராது, நாப்பை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு லைட்டர்ல பத்தவைக்கலாம்.

தொல்லைனு சொல்றது எதுன்னா, நாப்பை விட்டதும் தீ அணையறது. அஞ்சிலிருந்து பத்து செகண்ட் அழுத்தணும்னு தெரியாம விடறவங்க பாதி. மீதிப் பேருக்கு முனையில புளிக்கரி படிஞ்சிருக்கும். அடுப்பு ஆறினதும் ஈரத்துணி, அப்புறம் நைஸ் உப்புத்தாள்ல ரெண்டு இழு. அதுக்கும் கேக்கலேன்னா முனை தீயை விட்டு விலகியிருக்கும், இல்ல கீழே நட் லூஸ். அதுவும் இல்லேன்னாதான் தெர்மோகப்பிள் மாத்தணும். அது ஒண்ணை மட்டும் மாத்தினாப் போதும், முழு வால்வு செட்டையும் மாத்தணும்னு சொன்னா ஏன்னு கேளுங்க.

பர்னர் பித்தளையா பாருங்க. அலுமினிய பர்னர்ல புளியும் உப்பும் கொட்டிக் கொட்டி துளை அரிச்சுடும். உங்க ஏரியா போர்வெல் தண்ணி வேற, கழுவிட்டு ஈரத்தோட மாட்டினா துளையில வெள்ளையாப் படியும். சேஃப்டி பின் விட்டுக் குத்துங்க. பல்குச்சி வேண்டாம், முனை உள்ளேயே ஒடிஞ்சு நிக்கும். கழுவின மறுநாள் அடுப்பு சும்மா டிக் டிக்குனு அடிச்சுக்கிட்டே இருந்தா நாப்புக்கு அடியில இருக்கிற ஸ்விட்சுல தண்ணி போயிருக்குன்னு அர்த்தம். பிளக்கைப் பிடுங்கி, நாப்பைக் கழட்டி ஒரு நாள் காயவிட்டா பெரும்பாலும் சரியாயிடும். ஆளைக் கூப்பிட வேண்டாம்.

இப்ராஹிம், மாடுலர் கிச்சன், ஜிகணி

சேகர் அண்ணன் மஞ்சத் தீன்னதும் ஞாபகம் வந்துது. ஜெட் எல்லாம் சரியா இருந்தும் தீ மஞ்சளா எரிஞ்சா, கீழே இருக்கிற கதவைத் திறந்து பாருங்க. திறந்ததும் நீலமாச்சுன்னா குத்தம் ஹாப்புல இல்ல, அலமாரில. பல மாடல் காத்தை அடியில இருந்துதான் இழுக்கும். டிராயரை ஹாப்போட வயித்துல முட்டற மாதிரி அடிச்சா காத்துக்கு வழி ஏது? சிம்ல எரியும்போது கதவைப் படார்னு சாத்தினா தீ அணையறதும் இதனாலதான்.

டிராயருக்கு மேல தடுப்புப் பலகை, பின்னாடி காத்துக்கு வழி, கதவுல ஜாலி (காத்துப் போற துளைத் தட்டி). சிலிண்டர் உள்ளே வைக்கிறதா இருந்தா ஜாலி தரையை ஒட்டி வேணும், மேலே வெச்சுப் பிரயோசனம் இல்ல. சிலிண்டர் கேஸ் காத்தை விட கனம், கீழேதான் தேங்கும்.

பிரபு, ஒயிட்ஃபீல்ட்

சிம்னியும் சேர்த்து வாங்கறீங்களா? ஹாப்புக்கும் சிம்னி அடிக்கும் 65-லிருந்து 75 செ.மீ விடணும்.

சேகர், அடுப்பு சர்வீஸ், கே.ஆர்.புரம்

அதோட, டியூப். பதிச்ச ஹாப்புல டியூப் கண்ணுல படாது, அதனால யாரும் மாத்தறதும் கிடையாது. ஆரஞ்சு சுரக்‌ஷா டியூப்புக்கு அஞ்சு வருஷம்தான் ஆயுசு, மேலேயே தேதி அச்சடிச்சிருக்கும். அந்தத் தேதி கதவுப் பக்கம் தெரியற மாதிரி மாட்டச் சொல்லுங்க. மாட்டினதும் சோப்புத் தண்ணி தடவி ஒவ்வொரு ஜாயின்ட்டும் பாருங்க. தீக்குச்சி கிழிச்சுப் பார்க்கிற ஆளை வெளியே அனுப்புங்க. கேஸ் வாடை வந்தா ரெகுலேட்டரை அணைச்சு, ஜன்னலைத் திறந்து, எந்த ஸ்விட்சையும் தொடாம வெளியே வந்து 1906-க்குப் போன் பண்ணுங்க.

கீதா, ஹொரமாவு

அப்போ 78 செ.மீ, மூணு பித்தளை பர்னர், எஃப்.எஃப்.டி. தோசைக்கல் 31 வருது, அதனால ஸ்டீல். இவருக்காக ஒரு 2000 வாட்ஸ் இண்டக்‌ஷன், ஜன்னல் ஓரமா 16 ஆம்ப் பாயிண்ட். சரிதானே? இப்ராஹிம் பாய், வெட்டு அளவை கம்பெனி வெப்சைட்ல இருந்து எடுத்துக் குடுத்தாப் போதுமா?

இப்ராஹிம், மாடுலர் கிச்சன், ஜிகணி

போதாதுக்கா. ஒரே மாடல்லயே வருஷத்துக்கு வருஷம் அளவு மாறுது. ஹாப் பெட்டியோட சைட்டுக்கு வரட்டும், உள்ளே இருக்கிற அட்டை டெம்ப்ளேட்டைக் கல்லு மேல வெச்சு பென்சில்ல கோடு போட்டுட்டுத்தான் மெஷினை எடுக்கணும். பெருசா வெட்டின ஓட்டையைச் சின்னதாக்க முடியாது.