மறு: ஸ்பானிய வகுத்தல் சொற்கள் – 'தொகார்', 'கபேர்' இரண்டுக்கும் தமிழில் என்ன வைக்கலாம்?

வணக்கம்.

> ஸ்பானிய-ஆங்கிலச் சொற்பட்டியலுக்குத் தமிழ் விளக்கம்தானே எழுதுகிறோம், வகுத்தல் என்ற ஒரே சொல் எல்லாவற்றுக்கும் போதாதா?

போதாது ஐயா. பட்டியலின் தலையில் இருக்கும் நான்கு சொற்களில் சிக்கல் இல்லை: திவிதெந்தோ வகுபடும் எண், திவிசோர் வகுக்கும் எண், கோசியெந்தே ஈவு, ரெஸ்தோ மீதி. மெக்சிகோ, பெரு பக்கத்துப் பாடங்களில் ரெஸ்தோ இருக்கவேண்டிய இடத்தில் ரெசிதுவோ இருக்கும். ஓசையைப் பார்த்து அதை ஆங்கிலத்தில் 'ரெசிட்யூ' ஆக்கிவிடக் கூடாது, பள்ளிக் கணக்கில் அதுவும் 'ரிமைண்டர்'தான். ரெசிட்யூ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு உயர்கணிதத்தில் வேறு வேலை இருக்கிறது. நம் கையில் மீதி, எச்சம் என்று இரண்டு சொல் இருப்பதால் மீதியை ரிமைண்டருக்கும் எச்சத்தை ரெசிட்யூவுக்கும் ஒதுக்கிவிடலாம், இதில் யாருக்கும் மறுப்பு இருக்காது என்று நினைக்கிறேன்.

தொல்லை தொடங்குவது சின்னச் சொற்களில். ஸ்பானியத்தில் 'தியெஸ் போர் தோஸ்' என்றால் பத்துப் பெருக்கல் இரண்டு, விடை 20. 'தியெஸ் திவிதிதோ போர் தோஸ்' என்றால் வகுத்தல், விடை 5. அதே 'போர்'தான் இரண்டு இடத்திலும். இந்தக் குழப்பம் வராமலிருக்கத்தானோ என்னவோ பலர் 'என்த்ரே' போடுகிறார்கள். 'தியெஸ் என்த்ரே தோஸ்' என்றாலே போதும், வகு என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் என்த்ரே என்பதற்கு அகராதியில் முதல் பொருள் 'இடையே', ஆகவே சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவர் ஆங்கிலத்தில் 'பிட்வீன்' என்று எழுதிவிடுவார், கணக்கு அதோடு செத்தது. அங்கே வரவேண்டியது 'டிவைடட் பை'.

ஆங்கிலப் பக்கமும் நமக்கென்று ஒரு பள்ளம் இருக்கிறது, பட்டியலைப் படிக்கப்போகிறவர்கள் தமிழர்கள் என்பதால் இதைக் கட்டாயம் குறிப்பாகச் சேர்க்க வேண்டும். நம் ஊரில் 'த்ரீ இண்டூ ட்வெல்வ்' என்றால் பெருக்கல், 36. அமெரிக்க, பிரிட்டிஷ் வகுப்பறையில் '3 இண்டூ 12' என்றால் பன்னிரண்டில் மூன்று எத்தனை தடவை போகும் என்பது, விடை 4. ஸ்பானிய வாக்கியம் சரியாகவே ஆங்கிலத்துக்குப் போயிருக்கும், அதை நம்மவர் தலைகீழாகப் படித்துக்கொள்வார். எண்களின் வரிசையும் மாறுகிறது பாருங்கள்: ஸ்பானியத்தில் 12 முன்னால், 3 பின்னால், இந்த ஆங்கில நடையில் 3 முன்னால்.

சரி, தலைப்புக்கு வருகிறேன். பன்னிரண்டு மிட்டாயை நான்கு பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது ஸ்பானிய ஆசிரியர் 'தொகார்' என்ற வினையைப் பயன்படுத்துவார், 'தொகான் ஆ த்ரெஸ்' என்பார். தொகார் என்றால் தொடுவது, இசைக்கருவி வாசிப்பது என்றெல்லாம் பொருள் உண்டு, இங்கே அது ஒருவர் பங்குக்கு வருவது. ஆங்கிலத்தில் 'த்ரீ ஈச்', நமக்கு ஆளுக்கு மூன்று. அதே ஆசிரியர் எழுத்துக் கணக்குப் போடும்போது 'கபேர்' என்ற வினைக்கு மாறிவிடுவார், 'குவாந்தாஸ் வேசெஸ் காபே எல் குவாத்ரோ என் எல் தோசே' என்று கேட்பார், அதாவது பன்னிரண்டுக்குள் நான்கு எத்தனை தடவை அடங்கும். ஆங்கிலத்தில் அதற்கு 'கோஸ் இண்டூ'.

இரண்டுக்கும் விடை 3, ஆனால் கேள்வி ஒன்றல்ல. முதலாவதில் எத்தனை பேர் என்று தெரியும், ஆளுக்கு எவ்வளவு என்று தெரியாது. இரண்டாவதில் ஒரு கட்டில் எவ்வளவு என்று தெரியும், எத்தனை கட்டு என்று தெரியாது. கணிதக் கல்வியில் இவற்றை 'பார்டிடிவ்', 'கோட்டிடிவ்' என்று பிரிக்கிறார்கள். ஸ்பானியப் பாடங்களில் ரெபார்த்தோ, அக்ருபமியெந்தோ என்று வரும். தமிழில் இந்தப் பிரிவுக்கு ஊன்றி நிற்கிற சொல் இணை வேண்டும் என்பதுதான் என் கட்சி.

> வேறுபாடு நுணுக்கமானது, பள்ளி அளவில் தேவைப்படாது.

பள்ளி அளவில்தான் தேவை. 'திவிதிர் போர் லா மிதாத்' என்றால் பாதியாக்குவது, பத்து ஐந்தாகும். 'திவிதிர் என்த்ரே உன் மேதியோ' என்றால் அரையால் வகுப்பது, பத்து இருபதாகும். பங்கு போடுவது என்ற ஒரே படத்தை மனதில் வைத்திருக்கும் பிள்ளைக்கு இரண்டாவது விளங்கவே விளங்காது, அரை ஆளுக்கு எப்படிப் பங்கு கொடுப்பது? பத்துக்குள் எத்தனை அரை அடங்கும் என்று கேட்டால் உடனே 20 என்று சொல்லிவிடும். பின்ன வகுத்தலில் பிள்ளைகள் திணறுவதற்கு இந்த இரண்டாவது கேள்வியைப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தாததும் ஒரு காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

இலக்கணத்தில் நம்மிடம் இந்த வேறுபாடு அழகாகவே இருக்கிறது. மூன்றாகப் பிரி என்றால் மூன்று பகுதி. மும்மூன்றாகப் பிரி என்றால் பகுதிக்கு மூன்று. இவ்விரண்டு, மும்மூன்று, நந்நான்கு, பப்பத்து என்று எண்ணுப்பெயரையே அடுக்கிச் சொல்கிற மொழி இது. ஸ்பானியர் 'என் த்ரெஸ்', 'தே த்ரெஸ் என் த்ரெஸ்' என்று சொல்வதை ஆங்கிலம் 'இண்டூ த்ரீ', 'இன் த்ரீஸ்' என்று ஓர் எழுத்து, ஓர் அசை வித்தியாசத்தில் நிறுத்துகிறது, அவசரமாகப் பெயர்ப்பவர் அங்கே வழுக்குவார். தமிழில் வழுக்க இடமில்லை.

சொல்லுக்கு வருவோம். முதலாவதற்குப் பங்கு வகுத்தல், இதை எல்லோரும் ஏற்றுக்கொண்டதாகத்தான் தெரிகிறது. இரண்டாவதற்கு இழையில் வந்த 'அளவீட்டு வகுத்தல்' ஆங்கிலத்தில் வழங்கும் மற்றொரு பெயரான 'மெஷர்மெண்ட்' என்பதை அப்படியே தூக்கிவந்தது, படிக்கிறவர் அளவுகோலைத் தேடுவார். 'அடங்கல் வகுத்தல்' கபேருக்கு நெருக்கம், எனக்கும் முதலில் பிடித்தது அதுதான், ஆனால் அடங்கல் என்றால் தமிழ்நாட்டில் கிராம நிலக் கணக்கு, கணக்கு என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும்.

நான் முன்வைப்பது கூறுகட்டு வகுத்தல். சந்தையில் தக்காளியைக் கூறு கட்டி வைக்கிறவர் எத்தனை பேர் வருவார்கள் என்று பார்ப்பதில்லை, ஒரு கூறுக்கு இத்தனை என்று முதலில் தீர்மானித்துவிடுகிறார், மொத்தம் எத்தனை கூறு தேறியது என்பது கட்டி முடித்த பிறகுதான் தெரியும், கடைசியில் கூறுக்குப் போதாமல் நிற்கும் இரண்டு மூன்று பழம்தான் மீதி. இந்த வகுத்தலின் வேலையை அப்படியே சொல்கிற வினை நம்மிடம் புழக்கத்தில் இருக்கும்போது வேறு எங்கும் போக வேண்டியதில்லை.

> கூறு என்றாலும் பங்கு என்றாலும் ஒன்றுதானே? கூறுபோடுதல் என்கிறோமே.

நல்ல கேள்வி, இது மட்டும்தான் என்னையும் யோசிக்க வைத்தது. கூறு என்று தனியாக விட்டால் பங்கோடு கலந்துவிடும், உண்மை. கூறுபோடு என்றாலும் துண்டாக்குவதுதான் நினைவுக்கு வரும். 'கட்டு' சேரும்போதுதான் அளவு முன்கூட்டியே நிற்கிறது. அதனால் கட்டு என்ற பகுதியைச் சுருக்கத்துக்காக விடக் கூடாது என்று பதிவிலேயே எழுதிவிடலாம்.

அப்புறம் ஒன்று, ஈவு என்ற சொல்லை இரண்டு வகைக்கும் பொதுவாகவே வைத்துக்கொள்வோம். கோசியெந்தே, 'எத்தனை தடவை' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, அதன் பிறப்பே கூறுகட்டுப் பக்கம். நம் ஈவு 'ஈ' என்ற வினையிலிருந்து, கொடுப்பதிலிருந்து வந்தது, பங்குப் பக்கம். வேர் இப்படி வேறாக இருந்தும் இரண்டு மொழியிலும் சொல் பொதுவாகிவிட்டது, அதைப் பிரிப்பதால் பயன் இல்லை.

நீள்வகுத்தல் எழுதும் முறை குறித்துக் கேட்டிருந்தீர்கள். ஸ்பெயினில் வகுக்கும் எண் வலப்புறம், ஈவு அதன் கீழே. மெக்சிகோவில் அமெரிக்கா போலவே இடப்புறம், ஈவு மேலே. ஆகவே ஸ்பெயின் பாடத்தை அமெரிக்க மாணவருக்குப் பெயர்ப்பவர் படத்தையும் திருப்பி வரைய வேண்டும், தசமக் காற்புள்ளியையும் புள்ளியாக்க வேண்டும்.

பங்கு வகுத்தல், கூறுகட்டு வகுத்தல் இரண்டையும் தனித்தனிப் பதிவாக, தொகார், கபேர் எடுத்துக்காட்டுகளோடு ஏற்றுகிறேன். 'வகுப்பு' என்று முடிக்கலாம் என்ற யோசனை வேண்டாம், கூறுகட்டு வகுப்பு என்றால் பள்ளி அறைதான் தெரியும். கூறுகட்டு என்பதைவிடப் பொருத்தமான வழக்கு உங்கள் ஊரில் இருந்தால் ஏற்றுவதற்கு முன் எழுதுங்கள்.