வீட்டுப் பூந்தோட்டப் போட்டி: விதிமுறையும் மதிப்பெண்ணும் எப்படி வைப்பது?

மொட்டுமலர் (கேள்வி)

வணக்கம். எங்கள் குடியிருப்பில் முதல்முறையாக வீட்டுப் பூந்தோட்டப் போட்டி வைக்கிறோம். நாற்பது வீடுகள் வரை பெயர் கொடுக்கலாம். சிலருக்கு வாசலில் நிலம் இருக்கிறது, சிலருக்கு மொட்டை மாடி, சிலருக்கு பால்கனியில் நாலு தொட்டிதான். இவர்களை ஒரே அளவுகோலில் மதிப்பிடுவது எப்படி? முந்தின வாரம் பூத்த தொட்டிகளை வாங்கி அடுக்கிப் பரிசு வாங்குவதை எப்படித் தடுப்பது? போட்டிக்கு இன்னும் பத்து வாரம் இருக்கிறது. கலந்துகொள்பவர்களுக்கு ஒரு வழிகாட்டிக் குறிப்பும் கொடுக்க நினைக்கிறோம், அதில் என்ன சேர்க்கலாம்?

பதியன்

இடத்தை வைத்துப் பிரியுங்கள், பூவை வைத்துப் பிரிக்க வேண்டாம். நிலத்தோட்டம், மாடித்தோட்டம், பால்கனித் தொட்டி என மூன்று பிரிவு போதும். 'சிறந்த ரோஜா', 'சிறந்த செம்பருத்தி' என்று போனால் தோட்டத்தை யாரும் பார்க்க மாட்டார்கள்.

வாங்கி அடுக்குவதைத் தடுக்கப் பதிவு நாள்தான் வழி. ஆறு வாரம் முன்பே பதிவை முடித்து, அன்றைக்கே ஒவ்வொரு தோட்டத்தையும் முன்பக்கம், இடது, வலது என மூன்று போட்டோ எடுத்து வையுங்கள். இறுதி நாளில் நிற்கும் செடிகளில் மூன்றில் இரண்டு பங்காவது அந்தப் படத்தில் இருக்க வேண்டும். குழித்தட்டில் நிற்கும் நாற்றும் கணக்கில் சேரும் என்று மறக்காமல் எழுதுங்கள். இல்லாவிட்டால் விதை போட்டு வளர்ப்பவர்தான் அடிபடுவார். சந்தேகம் வந்தால் தொட்டியின் மேல்மண்ணை ஒரு விரல் ஆழம் விலக்கிப் பாருங்கள். நடுவில் வேறு நிற மண் உருண்டையும் சுற்றிலும் பொலபொலவென்று புதுக்கலவையும் இருந்தால் அது அண்மையில் வந்த செடி.

நூறு மதிப்பெண்ணை நான் இப்படிப் பிரிப்பேன்: செடியின் ஆரோக்கியம் 30, பூ 25, அமைப்பு 20, பராமரிப்பு 15, மண்ணும் நீரும் 10. பூவுக்கு ஏன் முதலிடம் இல்லை என்று கேட்பார்கள். எந்த வாரம் பூக்கும் என்பது வெயிலையும் ரகத்தையும் பொறுத்தது. ஆரோக்கியத்தை ஒரு வாரத்தில் கொண்டுவந்துவிட முடியாது. நடுவர்கள் இலையைத் திருப்பி அடிப்பக்கம் பார்க்க வேண்டும். இலைக்காம்பு இடுக்கில் வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் மாவுப்பூச்சி, தளிர் நுனியில் சிறு பூச்சிகள் கூட்டமாக இருந்தால் அசுவினி, இலை மேலே ஊசி குத்தியதுபோல் புள்ளிகளும் அடியில் மெல்லிய நூலாம்படையும் இருந்தால் சிலந்திப்பேன். தொட்டித் தட்டில் தேங்கிய தண்ணீரில் கொசுப்புழு நெளிந்தால் 5 மதிப்பெண் குறையுங்கள். தண்ணீர் வடியும் துளை அடைபட்டிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

பலரும் கவனிக்காத இடம் கூட்டல் கணக்கு. ஒரு நடுவர் 40 முதல் 90 வரை தாராளமாக விரித்துப் போடுவார், மற்ற இருவரும் 72-க்கும் 76-க்கும் இடையிலேயே நிற்பார்கள். அப்படியே கூட்டினால் முதல் நடுவர் ஒருவரே முடிவைத் தீர்மானித்துவிடுவார். மற்ற இருவரும் ஒரே தோட்டத்தை முதலிடத்தில் வைத்திருந்தாலும் பயனில்லை. அதனால் ஒவ்வொரு நடுவரின் மதிப்பெண்ணையும் 1, 2, 3 என்று வரிசை எண்ணாக மாற்றி, அந்த எண்களைக் கூட்டுங்கள். குறைந்த கூட்டுத்தொகை வென்றது. சமமானால் ஆரோக்கிய மதிப்பெண் பார்த்து முடிவு செய்யலாம்.

முதலில் பார்க்கும் வீட்டுக்கு எல்லோரும் கை இறுக்கித்தான் மார்க் போடுவார்கள். போட்டியில் இல்லாத ஒரு தோட்டத்தில் மூவரும் சேர்ந்து ஒருமுறை மதிப்பிட்டு, ஏன் இந்த எண் என்று பேசிவிட்டுத் தொடங்கட்டும். பிறகு ஒருவர் வரிசையின் கடைசியிலிருந்து பார்த்து வரட்டும்.

நேரமும் முக்கியம். ஒரு வீட்டுக்கு 7 நிமிடம் என்றாலே 40 வீட்டுக்கு 280 நிமிடம். அதற்குள் வெயில் ஏறிப் பூ வாடிவிடும். எனவே பதிவுக்கும் இறுதி நாளுக்கும் நடுவில், முன்னறிவிப்பில்லாமல் ஒரு சுற்றுப் பார்வை வையுங்கள். அதில் ஆரோக்கியத்துக்கும் பராமரிப்புக்கும் மட்டும் மார்க் போட்டு, பிரிவுக்கு ஐந்து வீடு தேர்ந்தெடுங்கள். இறுதியில் 15 வீடு, நடந்து போகும் நேரம் சேர்த்தாலும் இரண்டரை மணிநேரத்தில் முடியும். காலை எட்டரைக்குத் தொடங்கினால் பதினொன்றுக்குள் முடித்துவிடலாம். டேபிள் ரோஸ் வெயில் பட்டால்தான் விரியும், பிற்பகலில் மூடிக்கொள்ளும். அந்திமந்தாரையும் மல்லிகையும் மாலையில்தான் மலரும். இவற்றுக்கு மொட்டைப் பார்த்து மார்க் போட வேண்டும் என்று விதியிலேயே சொல்லிவிடுங்கள்.

கவாத்துக்கத்தி

வழிகாட்டிக் குறிப்புக்கு என் பங்கு. இறுதி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணச் சொல்லுங்கள். பத்து வாரம் என்றால் கையில் 70 நாள்.

ஜின்னியா, காசித்தும்பை, குட்டை ரகச் செண்டுமல்லி ஆகியவை விதைத்து 50 முதல் 60 நாளில் பூக்கும். இந்த வாரமோ அடுத்த வாரமோ விதைத்தால் சரியாக இருக்கும். உயர ரகச் செண்டுமல்லிக்கு இன்னும் கூடுதல் நாள் வேண்டும், நுனி கிள்ளினால் பூப்பு மேலும் தள்ளிப்போகும். அதை இன்றே விதைத்து, ஒரே ஒரு முறை இளசாக இருக்கும்போது கிள்ளுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நித்தியகல்யாணியை விதையிலிருந்து இப்போது தொடங்குவது வீண்வேலை, ஏற்கெனவே வேர்பிடித்த செடி இருந்தால் வைக்கலாம். கோழிக்கொண்டை நாற்று குழித்தட்டில் நெருக்கடியாக நின்றால் விரற்கடை உயரத்திலேயே கொண்டை வைத்துவிடும், பிறகு வளராது. நாலைந்து இலை வந்ததும் தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும்.

மண் கலவை: தோட்ட மண் ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) ஒரு பங்கு. பத்து அங்குலத் தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கு சேர்க்கலாம். கோகோபீட்டைத் தண்ணீரில் ஊறவைத்து இரண்டு முறை பிழிந்த பிறகே கலக்க வேண்டும், அதிலிருக்கும் உப்பு இலை ஓரத்தைக் கருக்கும். மக்காத சாணத்தைப் போட்டால் சூட்டில் வேர் வெந்துவிடும், வெள்ளைப் புழுவும் வரும்.

ரோஜாவுக்குக் கவாத்து நாள்தான் எல்லாம். வெட்டியதிலிருந்து பூக்க ஏறக்குறைய 45 முதல் 50 நாள், குளிரில் இன்னும் ஒரு வாரம் கூடும். எல்லாக் கிளையையும் ஒரே நாளில் வெட்டாதீர்கள். பாதியை இறுதி நாளுக்கு 50 நாள் முன்பும் மீதியை அதற்கு ஒரு வாரம் கழித்தும் வெட்டினால், வானிலை ஏமாற்றினாலும் ஏதாவது ஒரு பாதி பூத்திருக்கும். வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்கு அரை சென்டிமீட்டர் மேலே சாய்வாக வெட்ட வேண்டும். உள்பக்கக் கணுவுக்கு மேல் வெட்டினால் தளிர் நடுவில் புகுந்து காற்றோட்டம் அடைபடும், கரும்புள்ளி நோய் அங்கேதான் தொடங்கும்.

உரம்: தொடக்கத்தில் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள, நீரில் கரையும் உரம்) லிட்டருக்கு 2 கிராம், பத்து நாளுக்கு ஒரு முறை. மொட்டு தெரிந்ததும் சாம்பல் சத்து மிகுந்த 13:0:45 அதே அளவு. மொட்டு வந்த பிறகும் யூரியா போட்டால் இலை தளதளவென்று வரும், பூ வராது. அசுவினியும் அந்த இளந்தளிரைத்தான் தேடி வரும். கடலைப்பிண்ணாக்குக் கரைசலை ஒன்றுக்குப் பத்து தண்ணீர் கலந்து ஊற்றலாம், ஆனால் கடைசி இரண்டு வாரம் வேண்டாம், ஈ மொய்க்கும்.

வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, அதைக் கரைக்க ஒன்றிரண்டு மில்லி சோப்புக் கரைசல். மாலையில் மட்டும் தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை கருகும், விரிந்த பூவில் பட்டால் இதழில் கறை விழும். இறுதி நாளுக்கு ஐந்து நாள் முன்பே நிறுத்திவிட்டு, இரண்டு நாள் முன்பு வெறும் தண்ணீரால் இலையைக் கழுவினால் பளிச்சென்று இருக்கும்.

மொட்டுமலர்

இருவருக்கும் நன்றி, வரிசை எண் யோசனையை அப்படியே எடுத்துக்கொள்கிறோம். இரண்டு சந்தேகம். வீடுகள் சிலவற்றில் சாமந்திச் செடி நன்றாக வளர்ந்திருக்கிறது, மொட்டே வரவில்லை. இன்னொன்று, இறுதி நாளன்று மழை வந்தால் என்ன செய்வது?

வேர்முண்டு

சாமந்திக்கு நீண்ட இருட்டு வேண்டும். இரவு நீளும் காலத்தில்தான் மொட்டு கட்டும். பருவம் வந்தும் மொட்டில்லை என்றால் அந்தத் தொட்டிகள் தெருவிளக்குக்கோ வாசல் விளக்குக்கோ கீழே நிற்கின்றனவா என்று பாருங்கள். நடு இரவில் சிறிது நேரம் வெளிச்சம் பட்டாலே மொட்டு தள்ளிப்போகும். தொட்டியை இருட்டான மூலைக்கு மாற்ற வேண்டும், பகலில் வெயில் குறையக் கூடாது. பருவமே வராவிட்டால் மாலை ஐந்து மணி முதல் காலை ஏழு வரை கறுப்புத் துணியால் மூடலாம், மொட்டு நிறம் காட்டும்வரை ஒருநாள்கூட விடாமல். பெரும்பாலான வீடுகளில் இது நடக்கிற காரியமில்லை. சாமந்தியை நம்பாமல் வேறு பூவும் வைக்கச் சொல்வதே நல்லது.

பதியன் சொன்ன மூன்றில் இரண்டு விதியில் எனக்கு ஒரு திருத்தம். நாலு தொட்டி மட்டும் வைத்திருப்பவருக்கு இரண்டு செடி பட்டுப்போனால் போட்டியே போய்விடும். ஆறு தொட்டிக்குக் கீழே இருப்பவர்களுக்கு, பட்டுப்போன செடியைக் கமிட்டியிடம் காட்டினால் மாற்று வைக்கலாம் என்று சலுகை கொடுங்கள்.

கவாத்துக்கத்தி விட்டுவிட்ட ஒன்று: ஜின்னியாவில் வாடிய பூவை வெறும் தலையாகக் கிள்ளினால் மொட்டைக் காம்பு நீட்டிக்கொண்டிருக்கும். அடுத்த இலை ஜோடிக்கு மேலே வெட்ட வேண்டும். அந்தப் பக்கக் கிளை பூக்க இரண்டு மூன்று வாரம் ஆகும் என்பதால், இப்படிப் பெரிதாக வெட்டுவதை இறுதி நாளுக்கு இருபது நாள் முன்பே முடித்துவிடுங்கள். அதன்பின் வாடியதை மட்டும் நீக்கினால் போதும்.

மழைக்கு மாற்று நாளைப் பதிவுப் படிவத்திலேயே அச்சிடுங்கள், இரண்டு மூன்று நாளுக்கு மேல் தள்ள வேண்டாம். ஒரு வாரம் தள்ளினால் நாள் எண்ணிக் கவாத்து செய்தவரின் உழைப்பு வீணாகும். நனைந்த செண்டுமல்லியில் தண்ணீர் தங்கினால் பூவின் நடுவிலிருந்து அழுகும், மழை விட்டதும் காம்பைப் பிடித்து மெல்ல உதறிவிடச் சொல்லுங்கள். பார்வையின் நடுவில் மழை பிடித்தால், அந்தப் பிரிவில் அதுவரை போட்ட மார்க் எல்லாவற்றையும் ரத்துசெய்து, அந்த ஐந்து வீட்டையும் மாற்று நாளில் முதலிலிருந்து பாருங்கள்.