நிறுவனம் தந்த ஃபைபர் பெட்டியோடு சொந்த ரூட்டரைப் பயன்படுத்துவது எப்படி?

கேள்வி:

வணக்கம். எங்கள் ஃபைபர் இணைப்புக்காக நிறுவனத்தார் பொருத்திவிட்டுப் போன பெட்டியிலேயே ரூட்டரும் வைஃபையும் சேர்ந்திருக்கின்றன. அந்தப் பெட்டி இல்லாமல் இணைப்புத் தர இயலாது என்று அவர்கள் உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். பின்னறைக்கு வைஃபை எட்டாததால் நான் தனியாக ஒரு ரூட்டர் வாங்கி, அவர்களுடைய பெட்டியின் லேன் போர்ட்டிலிருந்து (வீட்டுக் கருவிகளை இணைக்கும் இடம்) என் ரூட்டரின் வான் போர்ட்டுக்குக் (இணையம் உள்ளே வரும் இடம்) கேபிள் கொடுத்திருக்கிறேன். இணையம் வருகிறது, வேகத்திலும் குறையில்லை. ஆனால் என் ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் அழைப்பைக் குறிப்பிட்ட வீட்டுக் கருவிக்கு அனுப்பும் விதி) அமைத்த பிறகும், வெளியே இருக்கும்போது வீட்டுக் கேமராவின் பதிவுப் பெட்டியைத் திறக்க முடியவில்லை. பழைய வைஃபையில் இருக்கும் பிரிண்டரும் புதிய வைஃபையில் இருக்கும் மடிக்கணினிக்குத் தெரிவதில்லை. நிறுவனத்தின் பெட்டியை எடுத்துவிட்டு, ஃபைபரை நேரே என் ரூட்டரில் செருக வழி இருக்கிறதா?

பதில் 1:

நேரே செருக முடியாது. உங்கள் ரூட்டரின் வான் போர்ட் செம்புக் கம்பியில் வரும் மின்குறிப்பை மட்டுமே அறியும், ஃபைபரில் வருவதோ ஒளி. பரவலாக உள்ள ஜிபான் முறையில் ஒரே இழையில் 1490 நானோமீட்டர் அலைநீளத்தில் தரவு இறங்குகிறது, 1310 நானோமீட்டரில் ஏறுகிறது. அந்த இழை வழியில் பிரிக்கப்பட்டுப் பல வீடுகளுக்குப் போவதால், எந்த வீடு எந்தக் கணத்தில் ஒளியை அனுப்பலாம் என்பதை நிறுவனத்தின் பக்கமிருக்கும் ஓஎல்டி கருவிதான் தீர்மானிக்கிறது. வரிசை எண்ணோ கடவுச்சொல்லோ அதனிடம் பதிவாகாத கருவியை அது சேர்த்துக்கொள்ளாது. முறை தவறி ஒளியை உமிழும் ஒரு கருவி அண்டை வீடுகளின் இணைப்பையும் கெடுத்துவிடும் என்பதால், இந்த ஓர் இடத்தில் நிறுவனத்தாரின் பிடிவாதம் நியாயமானது என்றே நான் கருதுகிறேன்.

ஆனால் அவர்கள் தந்த பெட்டி இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒளியை மின்குறிப்பாக மாற்றும் ஓஎன்டி வேலை ஒன்று, ரூட்டர் வேலை மற்றொன்று. முதலாவதை அதனிடமே விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் நிறுத்தலாம். அதற்குப் பிரிட்ஜ் மோட் என்று பெயர். உங்கள் கேமராவுக்கு வெளியிலிருந்து வரும் அழைப்பு முதலில் நிறுவனத்தின் பெட்டியைத்தான் எட்டுகிறது. அதை யாரிடம் கொடுப்பது என்று அந்தப் பெட்டிக்குத் தெரியாததால் அழைப்பு அங்கேயே கைவிடப்படுகிறது, நீங்கள் எழுதி வைத்த விதி வரை அது வருவதே இல்லை. இப்படி இரண்டு ரூட்டர்கள் அடுத்தடுத்து முகவரி மாற்றம் (நேட்) செய்வதைத்தான் இரட்டை நேட் என்கிறோம்.

வாடிக்கையாளர் சேவையை அழைத்துப் பிரிட்ஜ் மோட் கேளுங்கள். இணைப்பு பிபிபிஓஇ வகையாக (ரூட்டர் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் முறை) இருந்தால் பயனர்பெயர், கடவுச்சொல், விலேன் எண் (ஒரே இணைப்பில் வரும் வெவ்வேறு சேவைகளைப் பிரித்துக் காட்டும் எண்) ஆகிய மூன்றையும் கேட்டு வாங்குங்கள். மூன்றாவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கடவுச்சொல் தவறென்றால் அனுமதி மறுக்கப்பட்டது என்ற செய்தி ரூட்டரின் பதிவேட்டில் இருக்கும். விலேன் எண் தவறென்றால் மறுமுனையிலிருந்து எந்தப் பதிலும் வராமல் ரூட்டர் மீண்டும் மீண்டும் முயன்றுகொண்டே இருக்கும்.

பதில் 2:

மேலே சொன்னது சரி. ஆனால் மாற்றுவதற்கு முன் ஒன்றைக் கேட்டுவிடுங்கள். பெட்டியின் பின்புறத்தில் தொலைபேசிக்கான போர்ட் இருந்து அதை நீங்கள் பயன்படுத்தினால், பிரிட்ஜ் மோடுக்குப் பின்னும் அது வேலை செய்யுமா என்பது அவர்கள் அமைத்த விதத்தைப் பொறுத்தது. குரலுக்குத் தனி விலேன் வைத்திருந்தால் தொலைபேசி தொடர்ந்து இயங்கும். எங்கள் வீட்டில் அப்படி இல்லை, மாற்றிய அன்றே தொலைபேசி நின்றுபோனது. வயதான பெற்றோர் அதையே நம்பியிருந்ததால் எனக்கு மிகுந்த வருத்தமாகிவிட்டது.

ஒவ்வொரு தரவுப் பொட்டலத்திலும் பிபிபிஓஇ தலைப்புக்கு 8 பைட்டுகள் போய்விடுவதால், வழக்கமான 1500க்குப் பதிலாக எம்டியு (ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு) 1492 ஆக இருக்க வேண்டும். நான் அதைக் கவனிக்காமல் 1500 என்றே விட்டிருந்தேன். சில தளங்கள் உடனே திறந்தன, சில பாதியிலேயே நின்றன. இரண்டு நாள் கேபிளைத்தான் சந்தேகித்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று, பெட்டியின் ரீசெட் பொத்தானை அழுத்தாதீர்கள். நிறுவனம் பதிந்து வைத்த அமைப்புகள் அதனோடு அழிந்துபோகக்கூடும். இப்போதுள்ள அமைப்புப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் படம் எடுத்து வையுங்கள். பெட்டியை இடம் மாற்றும்போது பச்சை நிற ஃபைபர் முனையைக் கழற்ற வேண்டாம். அதன் நுனி 8 பாகை சாய்வாகத் தீட்டப்பட்டிருக்கும், விரல் பட்டுப் படியும் எண்ணெய்ப் பசையே ஒளியைக் குறைக்கப் போதுமானது.

பதில் 3:

இவற்றையெல்லாம் செய்வதற்கு முன், நிறுவனத்தின் பெட்டியினுடைய நிலைப் பக்கத்தில் வான் ஐபி முகவரி எப்படித் தொடங்குகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. முகவரி 100.81 என்று தொடங்குகிறது. தொலைபேசி நாங்கள் பயன்படுத்துவதில்லை.

பதில் 3:

அப்படியானால் பிரிட்ஜ் மோட் மட்டும் உங்கள் கேமராச் சிக்கலைத் தீர்க்காது. 100.64 முதல் 100.127 வரையிலான முகவரிகள், ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து தருவதற்காக 2012இல் ஒதுக்கப்பட்டவை. இதைச் சிஜிநேட் என்பார்கள். வெளியிலிருந்து வரும் அழைப்பு உங்கள் வீட்டை எட்டும் முன்பே நிறுவனத்தின் வலையமைப்பில் நின்றுவிடுகிறது. உங்களுக்கென்று ஒரு பொது ஐபி முகவரி தருவார்களா என்று கேளுங்கள். தரவில்லை என்றால் ஐபிவி6 (ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பொது முகவரி தரக்கூடிய புதிய முகவரி முறை) இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், உங்கள் கைபேசி இணைப்பிலும் ஐபிவி6 இருக்கும்போது, பதிவுப் பெட்டிக்கு வேண்டிய போர்ட்டை மட்டும் ஃபயர்வாலில் (வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் காப்பு) திறந்து நேரே அணுகலாம். அதுவும் இல்லையென்றால், வீட்டுக்குள்ளிருந்து வெளியே தொடங்கும் விபிஎன் (இணையத்தின் வழியே அமைக்கும் தனிப் பாதை) ஒரு வழி.

பொது முகவரி கிடைக்கும் வரை பிரிட்ஜ் மோடுக்கு அவசரம் இல்லை. உங்கள் ரூட்டரை ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு (ரூட்டர் வேலையை விட்டு வைஃபை மட்டும் தரும் நிலை) மாற்றி, நிறுவனத்தின் பெட்டியில் வைஃபையை அணைத்துவிட்டு, பிரிண்டரையும் புதிய வைஃபையில் சேர்த்துவிடுங்கள். வீடு முழுவதும் ஒரே வலையமைப்பாகிவிடும்.

கேட்டவர்:

ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றிவிட்டேன். பிரிண்டர் உடனே தெரிந்தது, பின்னறையிலும் வைஃபை நன்றாகக் கிடைக்கிறது. பொது ஐபி முகவரிக்கு இன்று எழுத்து மூலம் விண்ணப்பித்திருக்கிறேன். அது கிடைத்ததும் பிரிட்ஜ் மோடையும் விலேன் எண்ணையும் சேர்த்தே கேட்டுப் பெறுவேன்.