இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் வலி: ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் சொல்லுங்கள்

வயது 43. இரண்டு வருஷமாக இடது இடுப்பில் தொடங்கி, கெண்டைக்கால் வழியாகக் கட்டைவிரல் வரை கரண்ட் அடித்த மாதிரி இழுக்கிறது. எம்ஆர்ஐயில் கீழ்முதுகில் எல்4, எல்5 எலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க் (மெத்தை போன்ற தட்டு) பிதுங்கி நரம்பை அழுத்துவது தெரிகிறது. பத்து நிமிஷத்துக்கு மேல் உட்கார முடியாது. இதையும் நின்றுகொண்டுதான் டைப் செய்கிறேன். செருப்பு வாரை என் 9 வயது மகள் குனிந்து மாட்டிவிடுகிறாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

பிசியோதெரபி நான்கு மாதம் விடாமல் போனேன். இரவில் நரம்பு வலிக்கான பிரிகாபலின் மாத்திரை 75 மி.கி.; தூக்கம் வருகிறது, வலி போகவில்லை. ஸ்டீராய்டு ஊசி இரண்டு முறை: முதல் தடவை ஆறு வாரம் நிம்மதி, அடுத்தது பத்து நாள்கூட நிற்கவில்லை. சிறுநீர், மலம் போவதில் சிக்கல் இல்லை.

டாக்டர் மைக்ரோடிஸ்கெக்டமி (சின்னதாகக் கீறி, நரம்பை அழுத்தும் டிஸ்க் பகுதியை எடுக்கும் ஆபரேஷன்) செய்யலாம் என்கிறார். அதைச் செய்துகொண்டவர்களே, ஒரு வருஷம் கழித்து வலியில்லாமல் எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது?