உதவி தேவை: சேர்வலாறு அணையின் பட்டை பாபநாசத்தைப்போல் இருமடங்காக வருகிறது

சேரை ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். பள்ளிக் கண்காட்சிக்காக நம் திருநெல்வேலி மாவட்ட அணைகளின் உயரத்தைப் பட்டை வரைபடமாகப் போட்டிருக்கிறேன். எண்களைச் சரியாகத்தான் கொடுத்தேன்; ஆனாலும் சேர்வலாற்றின் பட்டை பாபநாசத்தின் பட்டையைப்போல் சரியாக இருமடங்கு உயரமாக நிற்கிறது. இரண்டுக்கும் அவ்வளவு வேறுபாடு கிடையாது என்பது இங்குள்ள எல்லாருக்கும் தெரியும். நாளை அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். உடனே யாராவது வழி சொல்லுங்கள்.

நெல்லைக் கணினியகம்:
எந்த மென்பொருளில் வரைந்தீர்கள், என்னென்ன எண்களைக் கொடுத்தீர்கள், எத்தனை அணைகள் என்று எதையும் நீங்கள் குறிப்பிடவில்லை, அம்மா. இடப்பக்க அச்சில் கீழே எழுதியிருக்கும் முதல் எண் என்ன என்பதையும் பார்த்துச் சொல்லுங்கள். இவை தெரியாமல் சொல்லப்படும் எதுவும் ஊகமாகவே இருக்கும்.

பேட்டை கணக்கர்:
என் அனுபவத்தில் இத்தகைய கோளாறுகளில் பெரும்பாலானவை ஒரே காரணத்தால் வருகின்றன. எண்ணோடு அலகையும் சேர்த்து "143 அடி" என்று ஒரே கட்டத்தில் தட்டச்சு செய்தால், எக்செல் அதை எண்ணாகக் கொள்ளாது; எழுத்தாகவே கொண்டு, அந்தப் பட்டையைச் சுழியமாக வரைந்துவிடும். கட்டத்தில் வெறும் எண்ணை மட்டும் விட்டுவிட்டு, "அடி" என்பதை நெடுவரிசையின் தலைப்பில் எழுதிப் பாருங்கள்.

தாமிரபரணிக் கரை:
பட்டைகளுக்கு முப்பரிமாணத் தோற்றம் கொடுத்திருப்பீர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்தத் தோற்றத்தில் முன்னால் நிற்கும் பட்டை பெரிதாகவும் பின்னால் நிற்பது சிறிதாகவும் தெரிவதுடன், பட்டையின் உச்சி எந்தக் கோட்டோடு பொருந்துகிறது என்பதையும் கண்டறிய முடிவதில்லை. அச்சுக்குப் போகும் எந்தப் படத்துக்கும் அது வேண்டாம்.

சேரை ஆசிரியை:
எக்செல் 2016. சேர்வலாறு 156, பாபநாசம் 143, இந்த இரண்டு மட்டும்தான். எண்களில் அலகு எதுவும் சேர்க்கவில்லை. முப்பரிமாணமும் இல்லை. அச்சு 130-இல் தொடங்குகிறது.

அளவை ஆசான்:
இதை முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் இத்தனை பேர் ஊகித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. 156-இலிருந்து 130 போனால் 26. 143-இலிருந்து 130 போனால் 13. இருமடங்கு எங்கிருந்து வந்தது என்பது இதிலேயே இருக்கிறது. பட்டை வரைபடத்தின் அச்சு சுழியத்தில் தொடங்க வேண்டும் என்பது நடுநிலை வகுப்புப் பாடம். மாணவர்களுக்குக் கற்பிப்பவர்கள் மென்பொருள் தரும் படத்தை அப்படியே ஏற்றுக்கொள்வதற்குமுன் அச்சை ஒருமுறை படித்துப் பார்க்கும் பழக்கத்தைக் கைக்கொள்ள வேண்டும்.

நெல்லைக் கணினியகம்:
ஆசான் சொன்ன காரணம் சரிதான். ஆயினும் எக்செல் ஏன் 130-ஐத் தேர்ந்தெடுத்தது என்பதையும் அறிந்துகொண்டால் அடுத்த முறை உதவும். மிகச் சிறிய எண்ணுக்கும் மிகப் பெரிய எண்ணுக்கும் உள்ள வேறுபாடு, மிகப் பெரிய எண்ணில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால், அந்த வேறுபாட்டைப் பெரிதாக்கிக் காட்டுவதற்காக எக்செல் தானாகவே சுழியத்தை விட்டுவிட்டு மேலே ஓர் எண்ணிலிருந்து அச்சைத் தொடங்கும். 156-இல் ஆறில் ஒரு பங்கு 26; உங்கள் இரு அணைகளின் வேறுபாடோ 13 அடிதான். இதே படத்தில் 118 அடி உயரமுள்ள மணிமுத்தாற்றையும் சேர்த்திருந்தால் வேறுபாடு 38 ஆகி, அச்சு தானாகவே சுழியத்துக்கு இறங்கியிருக்கும்.

இப்போது செய்ய வேண்டியது: இடப்பக்க அச்சின் எண்கள்மீது சுட்டியை வைத்து வலப் பொத்தானை அழுத்துங்கள், வரும் பட்டியலில் பார்மட் ஆக்சிஸ் என்பதைத் தேர்ந்தெடுத்து, மினிமம் என்ற கட்டத்தில் 0 என்று இடுங்கள். பாபநாசம் சேர்வலாற்றில் பன்னிரண்டில் பதினொரு பங்கு உயரத்தில் வந்து நிற்கும். அதுவே உண்மையான விகிதம்.

கன்னடியன் கால்வாய் விவசாயி:
அச்சைச் சரிசெய்தாலும் இந்தப் படம் பார்ப்பவர்களைத் தவறாகவே வழிநடத்தும் என்பது என் கருத்து. அடிக்கணக்கில் பார்த்தால் சேர்வலாறுதான் மூன்றிலும் பெரிய அணை. ஆனால் அதில் தேங்கும் நீர் பாபநாசத்தில் தேங்குவதில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. பாபநாசத்தின் கொள்ளளவு 5,500 மில்லியன் கன அடி. அதைவிட 25 அடி குறைந்த மணிமுத்தாற்றின் கொள்ளளவு 5,511 மில்லியன் கன அடி. கார் பருவ நெல்லுக்குத் தண்ணீர் திறப்பார்களா, அடுத்து வரும் பிசானப் பருவ நெல்லுக்குக் கடைசிவரை தாங்குமா என்று ஆண்டுதோறும் கணக்குப் போடும் எங்களுக்கு வேண்டியது அணையில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதுதான். பிள்ளைகளும் அதைத்தான் பார்க்க வேண்டும்.

அளவை ஆசான்:
கேட்கப்பட்டது அச்சைப் பற்றிய ஐயம். கொள்ளளவு வேறொரு பொருள். நாளிதழ்கள் அன்றாடம் அடிக்கணக்கில்தான் வெளியிடுகின்றன, மக்களும் பாபநாசம் அணையைக் காரையாறு என்று சொல்லி, "காரையாறு நூறு அடியைத் தாண்டிவிட்டது" என்றுதான் பேசிக்கொள்கிறார்கள். மக்கள் அறிந்த அளவையை விட்டுவிட்டு மில்லியன் கன அடியில் படம் போட்டால் கண்காட்சிக்கு வரும் பெற்றோர் எதனோடு ஒப்பிட்டுப் புரிந்துகொள்வார்கள்?

கன்னடியன் கால்வாய் விவசாயி:
ஓர் அணையை அதன் நேற்றைய மட்டத்தோடு ஒப்பிட அடி போதும், அண்ணாச்சி. அதில் எனக்கு மறுப்பில்லை. ஓர் அணையை வேறோர் அணையோடு ஒப்பிடும்போதுதான் அடி ஏமாற்றுகிறது. மலையிடுக்கில் கட்டிய அணை புனலைப்போல் அடியில் குறுகி மேலே விரிந்திருப்பதால், பாதி உயரத்துக்கு நீர் நிற்கும்போது பாதிக் கொள்ளளவு இருப்பதில்லை. மேலே உள்ள பத்து அடியில் நிற்கும் நீர் கீழே உள்ள பத்து அடியில் நிற்பதைவிடப் பல மடங்கு அதிகம். தவிர, சேர்வலாறும் பாபநாசமும் சுரங்கக் கால்வாயால் இணைக்கப்பட்டவை. எனவே அவற்றை இரண்டு தனிப் பட்டைகளாக நிறுத்தி எது பெரிது என்று கேட்பதே பொருந்தவில்லை.

பேட்டை கணக்கர்:
அச்சை எப்போதும் சுழியத்தில்தான் தொடங்க வேண்டும் என்றால் ஒரே ஓர் எண் மட்டும் மிகப் பெரிதாக இருக்கும்போது என்ன செய்வது? 2023 டிசம்பர் பெருமழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டரும் திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டரும் பதிவாயின. அவற்றோடு சாதாரண நாளின் இரண்டு மூன்று சென்டிமீட்டர் மழையையும் ஒரே படத்தில் வைத்தால் சிறிய பட்டைகள் கண்ணுக்கே தெரியவில்லை. நான் பெரிய பட்டையை நடுவில் வெட்டி, வெட்டிய இடத்தில் நெளிகோடு போட்டுவிடுகிறேன்.

நெல்லைக் கணினியகம்:
வெட்டக்கூடாது, அண்ணாச்சி. பட்டை தன் நீளத்தால்தான் பேசுகிறது; நீளத்தை வெட்டினால் அது சொல்ல வந்த செய்தியே போய்விடும். சிறிய பட்டைகள் தெரியாமல் போவதுதான் அந்த நாளின் செய்தி. சிறிய எண்களையும் படிக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு பட்டையின் தலையிலும் எண்ணை எழுதுங்கள், அல்லது அவற்றுக்குத் தனியாக ஒரு படம் போடுங்கள். கோட்டுப் படத்துக்கு இந்தக் கட்டுப்பாடு அவ்வளவு இறுக்கமானதல்ல. ஓர் அணையின் அன்றாட நீர்மட்டம் ஏறி இறங்குவதைக் காட்டும்போது அச்சு 90 அடியில் தொடங்கினாலும், அங்கே கண் பார்ப்பது கோட்டின் சரிவைத்தான். புள்ளிவிவர வரைபடங்களின் முன்னோடியான வில்லியம் பிளேஃபேர் 1786-இல் வெளியிட்ட நூலிலேயே, ஆண்டுவாரியான வணிகத்துக்குக் கோடுகளையும், ஸ்காட்லாந்தின் ஓராண்டு ஏற்றுமதி இறக்குமதிக்குப் பட்டைகளையும் பயன்படுத்தினார். ஓராண்டுக்கான கணக்கு மட்டுமே கையில் இருந்ததால்தான் பட்டைக்குப் போனார்.

கொள்ளளவைப் பற்றி விவசாயி அவர்கள் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் 5,500, 5,511 ஆகிய இரண்டை மட்டும் கொடுத்தால் எக்செல் மறுபடியும் அதே வேலையைச் செய்து, மணிமுத்தாற்றை மிகவும் பெரிதாக உயர்த்திக் காட்டும். அங்கேயும் 0 இட மறக்க வேண்டாம்.

சேரை ஆசிரியை:
0 இட்டதும் சரியாகிவிட்டது. மணிமுத்தாற்றையும் சேர்த்துவிட்டேன். கொள்ளளவுக்கு இரண்டாவது படம் ஒன்றும் போட்டு, இரண்டையும் அருகருகே வைத்து அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். அனைவருக்கும் நன்றி.

கன்னடியன் கால்வாய் விவசாயி:
மிக்க மகிழ்ச்சி, அம்மா. முதல் படத்தில் உள்ளது அணையின் முழு உயரம்தான், இன்றைய நீர்மட்டம் அல்ல என்று தலைப்பில் குறிப்பிட்டிருக்கிறீர்களா?