பெரிய வீட்டுச் சொந்தங்கள்: முரளி பாடலாமா?

முரளி: பக்கத்து வீட்டுத் தாத்தா நேற்று இரவு தவறிவிட்டார். இன்று ராத்திரி உடல் வீட்டில் இருக்கும், நாளை காலை சர்ச். தாத்தாவின் மகள் என்னை ஒரு பாட்டுப் பாடச் சொல்கிறார். பாடலாமா?

மாலா அத்தை: ஐயோ. வீடியோவில் உருளைக்கிழங்கு தோண்டிக் காட்டினாரே, அவரா

முரளி: அவரேதான் அத்தை

கல்பனா சித்தி: 🙏🙏

பிரியா: இழவு வீட்டில் பாட்டா?

முரளி: இங்கே அயர்லாந்தில் உண்டு பிரியா. டீ கொடுப்பார்கள், கதை பேசுவார்கள், யாராவது பாடுவார்கள்

சுந்தரம் மாமா: என்ன பாட்டு

முரளி: பூலவோக். அது எங்கள் ஊர் என்னிஸ்கார்த்திக்குக் கொஞ்ச தூரத்தில் இருக்கிற கிராமம் மாமா, வெக்ஸ்ஃபோர்டு மாவட்டம். 1798-ல் வெக்ஸ்ஃபோர்டு விவசாயிகள் ஈட்டியைத் தூக்கிக்கொண்டு ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்து எழுந்தார்கள், அவர்களை நடத்திப் போனவர்களில் ஒருவர் ஜான் மர்பி என்ற பாதிரியார். ஜூன் 21 அன்று வினிகர் ஹில்லில் தோற்றார்கள், அந்தக் குன்று என் ஜன்னலிலிருந்து தெரியும். அப்புறம் அவரை டல்லோ ஊரில் தூக்கிலிட்டு உடலைத் தார்ப் பீப்பாயில் எரித்தார்கள். நூறு வருடம் கழித்து 1898-ல் பி.ஜே. மெக்கால் எழுதிய பாட்டு இது. தாத்தா நாற்காலி முதுகை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிப் பாடுவார், வாத்தியம் கிடையாது. சுற்றி இருப்பவர்கள் சத்தம் வரும் என்று கிளாஸைக்கூட மேஜையில் வைக்க மாட்டார்கள். டல்லோ என்ற பெயர் வரும் இடத்தில் ஒரு மூச்சு நிறுத்துவார், அப்போது அந்த அறையைப் பார்க்க வேண்டும்.

பிரியா: 😢

சுந்தரம் மாமா: பிழைக்கப் போன ஊரில் நமக்கு எதற்குப் புரட்சிப் பாட்டு. வேலைக்கு ஏதாவது வந்தால்?

முரளி: நீங்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது மாமா. 2022-ல் அயர்லாந்து பெண்கள் கால்பந்து அணி ஜெயித்த சந்தோஷத்தில் ஐஆர்ஏ என்ற ஆயுதக் குழுவைப் புகழும் வரியைப் பாடிவிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. வடக்கு அயர்லாந்தில் அவர்கள் வைத்த குண்டுவெடிப்பில் ஆளைப் பறிகொடுத்த வீடுகள் இன்னும் இருக்கின்றன, அந்தக் காயம் பழசாகவில்லை. ஆனால் இது அந்த வகை இல்லை. இது செத்தவர்களுக்கான பாட்டு, இந்த ஊர்ப் பாட்டு.

சுந்தரம் மாமா: வி.வி. கிரிகூட டப்ளினில்தான் சட்டம் படித்தார். 1913-ல் போய் 1916-ல் திரும்பினார். ஆங்கிலேயரை எதிர்த்து அங்கே ஈஸ்டர் கிளர்ச்சி நடந்த வருடம். அவர்

கல்பனா சித்தி: மாமா, கிரி அப்புறம்

மாலா அத்தை: அண்ணன், ராமு கல்யாணத்தில் நாயனத்தையே நிறுத்தச் சொன்னவர்

சுந்தரம் மாமா: அது 2009 மாலா. தலைவலி.

மாலா அத்தை: 🙂 அம்மா பக்கத்தில் இருக்கிறார். கேட்டேன். பாடச் சொல் என்கிறார். கட்டபொம்மன் கும்மியை நினைத்துக்கொண்டார்

சுந்தரம் மாமா: கயத்தாறு 1799. அங்கே 98, இங்கே 99. ஒரே வெள்ளைக்காரன்

பிரியா: பாட்டி 👏 அண்ணா வீடியோ கால் போடுவீர்களா

கல்பனா சித்தி: துக்க வீட்டில் வீடியோவா? கூடாது

பிரியா: குரல் மட்டும்?

முரளி: அந்த அக்காவைக் கேட்டுச் சொல்கிறேன். இரண்டாவது சரணம் இன்னும் தடுமாறுகிறது

மாலா அத்தை: கையில் எழுதி வைத்துக்கொள்

முரளி: தாத்தா பார்த்துப் பாடக் கூடாது என்பார் அத்தை

சுந்தரம் மாமா: சரி, ஒரு சரணம் மட்டும் பாடு. கறுப்புச் சட்டை இருக்கிறதா?