தம்பிக்கு வயரிங் தெரியும், இங்கே பெட்டி அடுக்குகிறான். லைசன்ஸ் எடுப்பது எப்படி?

மல்லாகத்தாள்
எல்லோருக்கும் வணக்கம். தம்பியின் அகதிக் கேஸ் போன மாதம் வென்றுவிட்டது. பி.ஆருக்கு (நிரந்தர வதிவிடத்துக்கு) போட்டிருக்கிறோம், எப்ப வருமோ தெரியாது. ஊரில் என்.வி.க்யூ. என்கிற தொழில் தகைமையில் நான்காம் நிலை முடித்து, கத்தாரில் ஐந்து வருசம் கட்டட வயரிங் செய்தவன். இங்கே கனடாவில், ஸ்காபரோவில் ஏஜென்சி மூலம் இரவு ஃபக்டரி வேலை. சனி, ஞாயிறு ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுகிறான், அது கணக்கில் காட்டாத கைக்காசு. வந்த செலவுக்கு வாங்கிய கடனுக்கு வட்டி போகிறது, அம்மாவின் நகையும் ஈட்டில். தொழிலுக்குத் திரும்படா என்றால் "முதலில் கடன், அக்கா" என்கிறான். வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அதுவரை வெல்ஃபேர் (அரசாங்க உதவிப் பணம்) எடுக்கலாமா?

பழைய சென்ஜேம்ஸ்
தங்கச்சி, தம்பி சொல்வதுதான் சரி. நாங்கள் 87இல் வந்து, சென் ஜேம்ஸ் டவுனில் ஓர் அப்பார்ட்மெண்டில் ஆறு பேர் படுத்து எழும்பி, இரண்டு வேலை செய்துதான் கடனை அடைத்தோம். லைசன்ஸ் எல்லாம் பிறகு பார்க்கலாம். வெல்ஃபேர் பக்கம் மட்டும் விடாதீர்கள், பழகிவிடும்.

மார்க்கம் வயர்மன்
அண்ணை, கோபிக்கக் கூடாது. அப்ப அந்தச் சம்பளத்தில் வாடகை கொடுத்து மிச்சமும் பிடிக்க முடிந்தது. இப்ப அப்படியில்லை. 2025 ஒக்டோபரில் ஒன்ராறியோவின் அடிப்படைச் சம்பளம் மணிக்கு 17.60 டொலர் ஆனது. அதில் கடனை அடைத்துவிட்டுத் தொழிலுக்கு வருவேன் என்று சொன்ன எத்தனையோ பொடியன்களைக் கண்டிருக்கிறேன். கடன் முடியும்போது கலியாணம் வரும், பிறகு வீட்டு மோர்ட்கேஜ். ஆள் அந்த ஃபக்டரியிலேயே இருப்பார்.

அக்கா, நானும் யாழ்ப்பாணத்து வயர்மன்தான். இங்கே தம்பிக்குத் தேவைப்படுவது 309ஏ என்கிற எலக்ட்ரீசியன் லைசன்ஸ். அது இல்லாமலோ, அப்ரண்டிஸாக (தொழில் பழகுபவராக) பதியாமலோ இந்த வேலையைத் தொடவே முடியாது. பயிற்சி 9,000 மணித்தியாலம். ஆனால் வெளிநாட்டில் செய்த வேலையை நிரூபித்தால் லைசன்ஸ் கொடுக்கிற ஸ்கில்ட் ட்ரேட்ஸ் ஒன்ராறியோ அதை மதிப்பிட்டு, நேரே சோதனை எழுத விடும். அதனால் கத்தார் கம்பெனியின் கடிதத்துக்கு இன்றைக்கே அலுவல் பாருங்கள். "நல்ல பிள்ளை, நன்றாக வேலை செய்தார்" என்ற கடிதம் குப்பைக்குத்தான் போகும். எந்தத் திகதியிலிருந்து எதுவரை, எத்தனை மணித்தியாலம், என்னென்ன வேலை, யாரைத் தொடர்புகொள்வது என்று கம்பெனித் தாளில் இருக்க வேண்டும்.

கடிதம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஒரு கொன்ட்ராக்டரிடம் அப்ரண்டிஸாகச் சேரட்டும். முதல் வருசச் சம்பளம் லைசன்ஸ்காரனின் பாதிகூட வராது, உண்மை. ஆனால் கை பழகும். ஊரில் பழைய வயரிங்கில் கறுப்பு நியூட்ரல். இங்கே கறுப்பில்தான் கரண்ட், வெள்ளை நியூட்ரல். எனக்கு முதல் மாதம் முழுக்கக் கறுப்பு வயரைப் பார்த்தாலே கை தானாக அதைப் பிடிக்கப் போகும். பக்கத்தில் நின்ற ஃபோர்மன் கத்திக்கொண்டே இருப்பார். வயர் முனைகளைச் சேர்த்து முறுக்கி மூடுகிற மரெட், தலையில் சதுரக் குழி உள்ள ராபர்ட்சன் திருகாணி எல்லாமே புதுசு. சோதனையில் கோட் புத்தகம் (வயரிங் விதிப் புத்தகம்) பார்க்க விடுவார்கள், ஆனால் எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறதென்று தெரியாதவனுக்கு நேரம் போதாது. 70 வீதம் எடுக்க வேண்டும்.

அந்தக் கைக்காசு வேலையைத்தான் முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். அப்ரண்டிஸ் வகுப்புக்குப் போகிற வாரங்களில் ஈ.ஐ. (வேலையில்லாக் காலக் காப்புறுதிப் பணம்) எடுக்கலாம், அதற்குப் பதிவான மணித்தியாலம் வேண்டும். கோப்பை கழுவிய மணித்தியாலம் எந்தக் கணக்கிலும் ஏறாது. நாளைக்கு பாங்கில் லோன் கேட்டாலும் இதே கதைதான்.

வெல்ஃபேர்: தனி ஆளுக்கு மாதம் 733 டொலர், அதில் ஓர் அறைகூட வராது. அவமானம் ஒன்றுமில்லை, ஆனால் முழுநேரம் உழைக்கிறவருக்கு எப்படியும் கிடைக்காது. கடனில், நகை பாங்க் ஈட்டில் இருந்தால் இருக்கட்டும். தனியாரிடம் எடுத்த மாத வட்டியைத்தான் முதலில் முடிக்க வேண்டும். உங்கள் பெயரில் குறைந்த வட்டிக்கு எடுத்து அதை அடைத்துவிட்டு, தம்பி உங்களுக்குக் கட்டலாம். அண்ணை சொன்ன இரண்டு வேலையை விட இது கெதியாக முடியும்.

லோ ஒஃபிஸ் லதா
ஒரு எச்சரிக்கை. என்.வி.க்யூ. பத்திரத்துக்காகத் தம்பி ஊருக்குப் போகவோ, இலங்கைப் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கவோ கூடாது. பாதுகாப்பு தேவையில்லை என்று சொல்லி அகதி அந்தஸ்தையே பறிக்கலாம். பி.ஆர். வந்த பிறகும், சிட்டிசன் ஆகும்வரை அந்த ஆபத்து உண்டு. அங்கே இருக்கும் உறவினர் எடுத்து அனுப்பட்டும். அப்புறம், பாதுகாப்புப் பெற்றவர் என்ற கடிதம் இருப்பதால் புதிதாக வந்தவர்களுக்கான லிங்க் ஆங்கில வகுப்பு இலவசம்.

மல்லாகத்தாள்
எல்லோருக்கும் நன்றி. தம்பிக்கு வாசித்துக் காட்டினேன், பாதி இறங்கி வந்துவிட்டான். ஒரு கேள்வி: தெரிந்த தமிழ் ஆள் ஒருவர் வீட்டு பேஸ்மென்ட்டை வாடகைக்கு விட வயரிங் செய்து தரச் சொல்கிறார், நல்ல காசு. செய்யலாமா?

மார்க்கம் வயர்மன்
வேண்டவே வேண்டாம். வாடகை பேஸ்மென்ட் வயரிங்கை லைசன்ஸ் உள்ள கொன்ட்ராக்டர்தான் பெர்மிட் எடுத்துச் செய்ய வேண்டும், பிடிபட்டால் அபராதம். தீப்பிடித்தால் அந்தத் தெரிந்த ஆளே தம்பியைக் கைகாட்டுவார். அவரிடம் முறையான கொன்ட்ராக்டரைப் பிடிக்கச் சொல்லுங்கள். அந்தக் கொன்ட்ராக்டரிடமே தம்பிக்கு அப்ரண்டிஸ் இடம் இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள்.